நின்ற இடத்தில் குதிரைத்திறன் இல்லை

1981-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 380 எஸ்எல், பார்த்த மாத்திரத்திலேயே வசதி தெரியும் கார். இரண்டே இருக்கை, மடித்து மறைத்துவைக்கும் துணிக்கூரை, குளிர்காலத்தில் தூக்கி மாட்டிக்கொள்ள ஓர் உலோகக் கூரை, நீண்ட பானெட்டுக்கு அடியில் 3.8 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். 'டல்லஸ்' தொலைக்காட்சித் தொடரில் பாபி யூயிங் ஓட்டித் திரிந்த சிவப்புக் காரும் இந்தக் குடும்பம்தான். நெடுஞ்சாலையில் விட்டால் நாள் முழுக்க அலுங்காமல் ஓடும். சிக்னலில் நிறுத்தி எடுக்கும்போதுதான் சங்கடம். பச்சை விழும், ஆக்சிலரேட்டரை மிதிப்பீர்கள், எஞ்சின் குரல் உயரும், கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். பக்கத்து வரிசையில் நின்ற சாதாரணக் குடும்பக் கார் அதற்குள் சந்திப்பைத் தாண்டியிருக்கும்.

பெடலைத் தரையோடு தரையாக அழுத்தினாலும் மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்தக் காருக்குச் சுமார் 11 நொடி பிடித்தது. எல்லோரும் ஓட்டுவதுபோலப் பாதி பெடலில் ஓட்டினால் இன்னும் மந்தம். "பிக்கப் பத்தலை" என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், பல நேரங்களில் மெக்கானிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பழுதும் இருக்காது. கார் அப்படித்தான் செய்யப்பட்டது. எட்டு சிலிண்டரும் இவ்வளவு விலையும் உள்ள ஒரு காரை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குப் பதில் எஞ்சினில் கொஞ்சம், எண்ணெயில் கொஞ்சம், பின் அச்சில் நிறையவே இருக்கிறது.

பூஜ்யத்தின் கணக்கு

கார் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது குதிரைத்திறன். அமெரிக்க 380 எஸ்எல்லுக்கு அது 155. இந்த எண்ணுக்கும் புறப்படும் கணத்துக்கும் இருக்கும் உறவு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

திறன் என்பது ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு. காரை நகர்த்தச் செலவாகும் திறனைக் கணக்கிட, சக்கரம் தள்ளும் விசையைக் காரின் வேகத்தால் பெருக்க வேண்டும். கார் நிற்கிறது என்றால் வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். 155 குதிரை எஞ்சினானாலும் 500 குதிரை எஞ்சினானாலும், சக்கரம் உருளத் தொடங்கும் அந்தக் கணத்தில் காரின் நகர்வுக்குப் போய்ச் சேரும் திறன் ஒன்றுமில்லை. வேகம் ஏற ஏறத்தான் குதிரைகளுக்கு வேலை வரும். 155 என்ற எண்ணும்கூட எஞ்சின் நிமிடத்துக்கு 4,750 சுற்று சுற்றும்போது கிடைப்பது. சிக்னலில் நிற்கும்போது அது 700 சுற்றுக்குப் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நின்ற காரை எது தள்ளுகிறது? சக்கரம் சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசை. அந்த விசைக்கு மூலம் எஞ்சினின் முறுக்குவிசை. எஞ்சின் தரும் முறுக்குவிசையைக் கியர்ப்பெட்டி ஒருமுறை பெருக்குகிறது. பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் இன்னொருமுறை பெருக்குகிறது. வரும் தொகையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தள்ளுவிசை கிடைக்கும். அதைக் காரின் எடையால் வகுத்தால் முடுக்கம். முதல் பத்து மீட்டரின் விதி முழுக்க இந்தப் பெருக்கல் கணக்கில் அடங்கிவிடும்.

இரண்டாம் கியரில் புறப்படும் கார்

380 எஸ்எல்லின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் முதல் கியர் முறுக்குவிசையைச் சுமார் 3.7 மடங்காக்கும். இரண்டாம் கியர் சுமார் 2.4 மடங்காக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் முதல் கியரில் புறப்பட்டு, பிறகு இரண்டு, மூன்று என்று தானே ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். இந்தப் பெட்டி அப்படிச் செய்வதில்லை. லீவர் 'டி'யில் இருக்க, நீங்கள் பெடலை மிதமாக மிதித்தால், அது நேராக இரண்டாம் கியரிலேயே புறப்படும். முதல் கியர் பூட்டிவைத்த ஒன்று. பெடலை முக்கால்வாசிக்கு மேல் ஓங்கி அழுத்தினால்தான் பெட்டி அதைத் திறந்துவிடும்.

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். மேட்டிலோ சிக்னலிலோ நின்ற சைக்கிளைக் கனமான கியரிலேயே வைத்து எடுத்தால், பெடல் இறங்குவேனா என்று அடம்பிடிக்கும். சில மீட்டர் உருண்ட பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் பாதி பெடலில் எஞ்சினிடமிருந்து 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க 380 எஸ்எல்லின் பின் அச்சு விகிதம் 2.47. சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 0.31 மீட்டர். ஆளோடு சேர்த்துக் காரின் எடை சுமார் 1,700 கிலோ. உராய்வு இழப்புகளையும் வேறு உதவிகளையும் ஒதுக்கிவிட்டால், இரண்டாம் கியரில் சக்கரத்தின் தள்ளுவிசை சுமார் 2,870 நியூட்டன். அதே பெடல் அழுத்தத்தில் முதல் கியர் கிடைத்திருந்தால் 4,420 நியூட்டன். இதே விசை மாறாமல் நீடித்தால், மணிக்கு 30 கிலோமீட்டரை எட்ட இரண்டாம் கியருக்கு 4.9 நொடி, முதல் கியருக்கு 3.2 நொடி. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், கியர் தேர்வில் மட்டும் ஒன்றரை நொடிக்கு மேல் போய்விடுகிறது. சிக்னலில் ஒன்றரை நொடி என்பது பின்னால் நிற்பவர் ஹாரனில் கைவைக்கப் போதுமான நேரம்.

இதற்கு மேல் பெடலின் குணமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கால மெர்சிடிஸ் கார்களில் ஆக்சிலரேட்டர் கனமானது, பயணமும் நீளமானது. லேசான பெடலுக்குப் பழகிய கால் அதில் மூன்றிலொரு பங்கு இறங்கியதுமே 'நன்றாக மிதித்துவிட்டோம்' என்று நிறுத்திக்கொள்ளும். முதல் கியரின் கதவு அதற்கும் வெகு கீழே இருக்கிறது. இந்தக் காரை வாங்கிப் பல வருடம் ஓட்டியும் அதன் முதல் கியரைச் சந்திக்காமலேயே இருக்க முடியும்.

2.47 என்ற எண்ணின் பின்னால் ஒரு சட்டம்

முதல் கியரைப் பூட்டிவைத்ததற்குப் பொறியாளர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. இரண்டாம் கியரில் புறப்பட்டால் ஒரு கியர் மாற்றம் குறையும், குலுக்கலும் குறையும். வாகன நெரிசலில் கார் பதமாக ஊர்ந்து போகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிடிப்பு. இது பின்சக்கரங்கள் தள்ளும் கார். பின்சக்கரங்களின்மீது இறங்கும் எடை ஏறத்தாழப் பாதி. பனி படிந்த சாலையில் உராய்வுக் குணகத்தை 0.2 என்று எடுத்துக்கொண்டால், சக்கரங்கள் வழுக்காமல் தள்ளக்கூடிய உச்ச விசை சுமார் 1,700 நியூட்டன்தான். மேலே போட்ட கணக்கில் இரண்டாம் கியரே அதைத் தாண்டிவிட்டது. முதல் கியரில் அதே பெடலை மிதித்திருந்தால் கார் நகராமல் சக்கரம் மட்டும் சுற்றிப் பின்பக்கம் ஒதுங்கியிருக்கும். சக்கரம் வழுக்கினால் எஞ்சினை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாடு அந்தக் காரில் கிடையாது. ஓட்டுபவரின் கால் தடுமாறினாலும் கார் தடுமாறக் கூடாது என்ற எண்ணம்தான் அந்தப் பூட்டு.

பின் அச்சின் கதை வேறு. 380 எஸ்எல்லுக்கு முன்னால் அமெரிக்காவில் விற்ற 450 எஸ்எல்லின் அச்சு விகிதம் 3.06. எஞ்சின் அதைவிடச் சிறியதானபோது அச்சு விகிதத்தைக் கூட்டுவதுதான் இயல்பு. இங்கே 2.47-க்குக் குறைத்தார்கள். பெருக்கல் கணக்கில் இந்த ஒரு எண்ணே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தள்ளுவிசையைக் கழித்துவிட்டது.

காரணம் பெட்ரோல். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 1974-ல் நாடு முழுக்க வேக உச்சவரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கிலோமீட்டராக, குறைத்தது. 1975-ல் வந்த சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு அளவுகோல் வைத்தது. 1978-ன் இன்னொரு சட்டம் அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி போட்டது. பெரிய எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடுவது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் எளிய வழி. 2.47 அச்சில் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் சுமார் 2,100 சுற்றில் ஓடும். 3.06 அச்சாக இருந்தால் சுமார் 2,600 சுற்று. நெடுஞ்சாலையில் அந்த 500 சுற்று மிச்சமாவதற்கு விலை சிக்னலில் வசூலிக்கப்பட்டது.

எஞ்சினுக்கும் அதே காலத்தின் கைவிலங்கு உண்டு. ஐரோப்பாவில் 380 எஸ்எல் 218 குதிரைத்திறனோடு அறிமுகமானது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டுக்காக அழுத்த விகிதத்தைக் குறைத்து, கேமையும் பற்றவைப்பையும் மாற்றி, புகைபோக்கியில் வினையூக்கிப் பெட்டியைச் சேர்த்து அனுப்பியபோது அதே எஞ்சின் 155-ல் வந்து நின்றது. உச்ச முறுக்குவிசை சுமார் 266 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,750 சுற்றில். ஒரே பெயர்ப்பலகை, ஒரே உடல், இரு கண்டத்தில் இருவேறு கார்கள்.

எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்

ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது திரவம். டார்க் கன்வெர்டர் என்ற இந்தக் கருவியின் மூல வடிவம் கார்களுக்காகப் பிறக்கவில்லை. அன்று ஜெர்மனியில் இருந்த ஷ்டெட்டின் துறைமுகத்தில், வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் பலன். கப்பலின் உந்துவிசிறி மெதுவாகச் சுற்றினால்தான் பலன். இரண்டுக்கும் நடுவே பல்சக்கரம் இல்லாமல் சமரசம் செய்ய அவர் திரவத்தைப் பயன்படுத்தினார்.

காரில் உள்ள கன்வெர்டருக்குள் மூன்று இதழ்ச்சக்கரங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் முதல் சக்கரம் எண்ணெயை வெளிப்புறமாக வீசுகிறது. கியர்ப்பெட்டியோடு இணைந்த இரண்டாவது சக்கரத்தில் அந்த எண்ணெய் மோதி அதைத் திருப்புகிறது. மோதித் திரும்பிவரும் எண்ணெய் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டு வருவதால், அப்படியே விட்டால் எஞ்சினுக்கு எதிராக வேலை செய்யும். நடுவில் உள்ள மூன்றாவது சக்கரமான ஸ்டேட்டர் அதைத் தடுத்து, வளைத்து, எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. கார் நிற்கும்போது, அதாவது இரண்டாவது சக்கரம் அசையாமல் இருக்கும்போது, இந்தத் திருப்பலால் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வேகம் கூடக்கூட இந்த லாபம் கரைந்து ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடும். இரண்டாம் கியரில் புறப்பட்டும் கார் நகர்கிறது என்றால் புண்ணியம் ஸ்டேட்டருக்குத்தான்.

ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது கடத்தும் முறுக்குவிசை, எஞ்சின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கார் நின்றபடி இருக்க, எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது கன்வெர்டர் எஞ்சினின் முழு முறுக்குவிசையையும் வாங்கிக்கொள்கிறது என்று வைப்போம். 700 சுற்றில் அது வாங்குவது அதில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே நீங்கள் மிதித்த கணத்தில் எஞ்சின் முதலில் தன்னைத்தானே 700-லிருந்து 1,500, 1,800 என்று ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகுதான் எண்ணெய்க்குப் பிடி வரும். எஞ்சின் சத்தம் முன்னால் போக, கார் பின்னால் வரும் அந்தத் தயக்கம் இதுதான். நம் உடலும் இதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரே சீரான தள்ளலை முதுகு சீக்கிரம் மறந்துவிடும். தள்ளல் திடீரென்று மாறுவதைத்தான் 'வேகம்' என்று உணரும். இரண்டாம் கியரும் திரவமும் சேர்ந்து அந்தத் திடீரை முழுக்க மழித்துவிடுகின்றன. இதனால், கடிகாரத்தின்படி பரவாயில்லாத கார்கூட முதுகுக்கு மந்தமாகத் தெரியும்.

இயல்பா, பழுதா?

நாற்பது வருடம் பழகிய ஒரு காரில் எல்லாக் குற்றத்தையும் வடிவமைப்பின் தலையில் கட்டவும் முடியாது. முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவியே தேவையில்லை. காலியான, உலர்ந்த சாலையில் காரை நிறுத்தி, பெடலைத் தரைவரை ஒரேயடியாக அழுத்திப் பாருங்கள். கார் தெளிவாக உதைத்துக் கிளம்பி, சற்றுத் தூரத்தில் ஒரு கியர் மாற்றமும் தெரிந்தால், முதல் கியர் இருக்கிறது, உங்கள் புகாரின் பெரும்பகுதி இயல்பு என்று அர்த்தம்.

அப்படி நடக்காவிட்டால் அடுத்த இடம் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுக்க அழுத்த, இன்னொருவர் பானெட்டைத் திறந்து த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலிலிருந்து த்ராட்டில்வரை பல கம்பிகளும் உருண்டை மூட்டுகளும் பிளாஸ்டிக் புஷ்களும் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தாலே, முழு பெடலில் த்ராட்டில் முக்கால்தான் திறக்கும். தடித்த கால்மிதி பெடலுக்கு அடியில் சுருண்டு கிடப்பதும் அதே வேலையைச் செய்யும். பெடலின் அடிமட்டத்தில் உள்ள கிக்டவுன் சுவிட்ச் செத்துப்போயிருந்தால், கீழ்க் கியருக்கு இறங்கச் சொல்லும் கட்டளையே கியர்ப்பெட்டிக்குப் போகாது.

மூன்றாவது, காற்று. இந்த எஞ்சினின் எரிபொருள் முறை இயந்திரவியல் சார்ந்தது. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு உயர்ந்ததோ அதற்கேற்பப் பெட்ரோல் பாயும். தட்டைத் தாண்டிய பிறகு எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் காற்று நுழைந்தால், அந்தக் காற்றுக்குக் கணக்கு இருக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்து, மிதித்ததும் எஞ்சின் ஒரு நொடி திணறும். கதவுப் பூட்டுகளும் ஏசியின் காற்று மடல்களும்கூட எஞ்சினின் வெற்றிடக் குழாய்களை நம்பித்தான் இந்தக் காரில் வேலை செய்கின்றன. ஆகவே கசிவைத் தேடுபவர் எஞ்சின் அறையோடு நின்றுவிடக் கூடாது.

நான்காவது, சங்கிலி. 1983 வரையிலான 3.8 லிட்டர் எஞ்சின்களில் டைமிங் செயின் ஒற்றை வரிசை. பிறகு அதை இரட்டை வரிசையாக மாற்றினார்கள். சங்கிலி நீண்டுவிட்டால் கேம் ஷாஃப்ட் சில டிகிரி பின்தங்கும். வால்வுகள் தாமதமாக மூடும். மெதுவாகச் சுற்றும்போது சிலிண்டருக்குள் வந்த காற்றின் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படும். இந்த இழப்பு தாழ்ந்த சுற்றில்தான் அதிகம் தெரியும், உயர்ந்த சுற்றில் மறைந்துவிடும். இந்தச் சங்கிலி அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்பதால், பிக்கப்பைப் பற்றிய கவலை இல்லாவிட்டாலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, கன்வெர்டர். ஸ்டேட்டர் ஒரு திசையில் மட்டும் சுற்றும்படி ஒருவழி கிளட்ச் ஒன்றின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்தக் கிளட்ச் தேய்ந்து ஸ்டேட்டர் இரண்டு பக்கமும் சுற்றத் தொடங்கினால், எண்ணெயைத் திருப்பி அனுப்ப ஆளில்லை. இரண்டு மடங்கு லாபம் போய்விடும். அறிகுறி தெளிவானது: நின்ற இடத்திலிருந்து கார் சாகும், 60 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் கிளட்ச் இறுகிப் பூட்டிக்கொண்டால் இதற்கு நேர் எதிர். புறப்பாடு நன்றாக இருக்கும், வேகமாகப் போகும்போது கார் இழுத்துப் பிடித்ததுபோல இருக்கும்.

இதை உறுதிசெய்ய மெக்கானிக்குகள் 'ஸ்டால் டெஸ்ட்' செய்வார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து, 'டி'யில் வைத்து, பெடலை முழுக்க மிதித்து எஞ்சின் எத்தனை சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது என்று பார்ப்பது. தொழிற்சாலைக் கையேட்டில் உள்ள எண்ணைவிட மிகவும் குறைந்தால் ஸ்டேட்டரோ எஞ்சினோ பலவீனம். மிகவும் கூடினால் கியர்ப்பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. சோதனை சில நொடிகளுக்கு மேல் நீளக் கூடாது என்று கையேடுகள் எச்சரிப்பதற்குக் காரணம் உண்டு. கார் நகராதபோது எஞ்சினின் திறன் முழுவதும் எண்ணெயைச் சூடாக்கத்தான் போகும். 2,000 சுற்றில் 250 நியூட்டன் மீட்டர் என்றால் அது சுமார் 52 கிலோவாட். கன்வெர்டருக்குள் இருக்கும் மூன்று லிட்டர் அளவு எண்ணெயை அது நொடிக்குப் பத்து டிகிரி சூடேற்றும். பிரேக் வழுக்கினால் எதிரே நிற்பவர்களுக்கு ஆபத்து என்பதால், இது வீட்டு வாசலில் செய்து பார்க்கும் சோதனையும் அல்ல.

குதிரைகள் கூடினால் தீருமா?

1989-ல் இந்தக் காரின் அடுத்த தலைமுறை வந்தது. புதிய 500 எஸ்எல்லின் எஞ்சின் 326 குதிரைத்திறன் தந்தது, அமெரிக்க 380-ஐப் போல இரு மடங்குக்கு மேல். நூறு கிலோமீட்டரை எட்ட நிறுவனம் சொன்ன நேரம் 6.2 நொடி. இருந்தும் அதன் நான்கு கியர் பெட்டி, மிதமாக மிதித்தால், அதே பழைய வழக்கப்படி இரண்டாம் கியரில்தான் புறப்பட்டது. பெடலை ஓங்கி மிதிப்பவருக்குப் புலி, மென்மையாக மிதிப்பவருக்கு முதல் நொடியில் பழைய 380.

மின்சாரக் கார்களும் இந்தப் பெருக்கல் கணக்கிலிருந்து தப்பவில்லை. மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசை தரும், அதனால் கியரே தேவையில்லை என்று பேச்சாகச் சொல்வதுண்டு. லோட்டஸ் எலிஸின் அடித்தளத்தில் உருவான டெஸ்லா ரோட்ஸ்டரின் கதை வேறு மாதிரி. அதற்கு முதலில் திட்டமிட்டது இரண்டு கியர் பெட்டி. அந்தப் பெட்டி நீண்ட நாள் தாங்கவில்லை. 2008 தொடக்கத்தில் முதல் கார்களைக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது, பெட்டியை இரண்டாம் கியரிலேயே பூட்டி அனுப்புவது என்று முடிவாயிற்று. 60 மைல் வேகத்துக்கு 4 நொடிக்குள் என்று சொல்லப்பட்ட கார், இந்த இடைக்கால ஏற்பாட்டில் 5.7 நொடி எடுத்தது. மோட்டார் அதேதான், பேட்டரியும் அதேதான். பிறகு மோட்டாருக்குக் கூடுதல் மின்னோட்டம் தரும்படி மின்னணுப் பகுதியை மாற்றி, சுமார் 8.27 விகிதத்தில் ஒற்றைக் கியர் பெட்டி பொருத்திய பிறகே சொன்ன வேகம் வந்தது.

சிறிய எஞ்சினில் பெரிய திறன் எடுக்க டர்போ வைக்கும் இந்தக் காலத்தில் தயக்கம் வேறொரு உருவில் வருகிறது. புகைவேகம் டர்போவைச் சுழற்றும்வரை எஞ்சினுக்குப் போதிய காற்று இல்லை. தாழ்ந்த சுற்றில் புகையும் குறைவு. 2022-ல் வந்த எஸ்எல் 43-ல், 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து 381 குதிரைத்திறன் எடுத்தார்கள். அதன் டர்போவின் அச்சிலேயே சுமார் 4 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. புகை வரும்வரை காத்திராமல் அது டர்போவைச் சுழற்றிவிடும். ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களிலிருந்து இறங்கிவந்த உத்தி இது. டார்க் கன்வெர்டருக்குப் பதிலாக எண்ணெயில் நனைந்த கிளட்ச் ஒன்று புறப்பாட்டைக் கவனிக்கிறது. ஃபெட்டிங்கரின் திரவத்துக்கு இருந்த வர்க்கப் பிடிவாதம் அதற்கு இல்லை. காற்றுக்கான காத்திருப்பு, திரவத்துக்கான காத்திருப்பு இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் அந்தச் சிறிய எஞ்சின் பழைய எட்டு சிலிண்டரின் நாற்காலியில் உட்கார முடிந்தது.

ஆகவே, புறப்படும் சுறுசுறுப்பு வேண்டும் என்பவர் விளம்பரத்தின் குதிரைத்திறனை விட்டுவிட்டு வேறு மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: 2,000 சுற்றுக்குள் கிடைக்கும் முறுக்குவிசை, கார் உண்மையில் புறப்படும் கியரின் விகிதம், அச்சு விகிதம். மூன்றையும் பெருக்கி, சக்கர ஆரத்தாலும் எடையாலும் வகுத்துக்கொண்டால், ஓட்டிப் பார்க்கும் முன்பே முதல் பத்து மீட்டரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். பழைய 380 எஸ்எல் வைத்திருப்பவர்களில் பலர் 450-லிருந்து கழற்றிய 3.06 அச்சை மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சினைத் தொடாமலேயே தள்ளுவிசை சுமார் 24 சதவீதம் கூடும். மாட்டிய பிறகு நெடுஞ்சாலையில் அந்த 500 சுற்றின் இரைச்சலும் பெட்ரோல் செலவும் திரும்பிவரும், உச்ச வேகத்தை எட்டும்போது எஞ்சினும் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். நகரச் சிக்னல்களில்தான் காரின் வாழ்க்கை என்றால் அது லாபமான பேரம். வாரக் கடைசியில் கூரையை இறக்கிவிட்டு நீளமான சாலையில் போகத்தான் கார் என்றால், 2.47-ஐ அப்படியே விட்டுவிட்டு, பெடலை இன்னும் ஓர் அங்குலம் கீழே அழுத்தப் பழகிக்கொள்வது மலிவு.